துணிச்சல் மிக்க முதலீட்டாளர்

பல்செட் செய்பவர் வங்கிக்குப் போனது, நாலு லட்சத்தை ஒரு வருஷத்துக்குப் பத்திரமாக வைப்பதற்காக. வீட்டில் இருந்தால் பத்திரமில்லை என்று நினைத்தார். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. வங்கியில் வேலை பார்க்காத எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. ஒரு பல் மருத்துவமனையின் பின்கட்டில், பிளாஸ்டர் தூசி படிந்த பத்துக்குப் பத்து அறையில், முப்பத்தோரு வருஷமாக அடுத்தவர்களுக்குப் பல் செய்துகொண்டிருந்தார். மெழுகில் வரிசை வைப்பது, அச்சு எடுப்பது, ராவுவது, மெருகேற்றுவது. மருத்துவர் அதை வாங்கி நோயாளியின் வாயில் வைத்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பத்து மடங்கு வாங்குவார். பல்செட்காரருக்கு அதில் வருத்தமில்லை. யாரிடமும் எதையும் திருப்பிக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர்.

அவர் மனைவி ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவர். பாடப் புத்தகம், ஆண்டறிக்கை, மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைக்கும் சீட்டு எல்லாமே அவர் கண்ணைத் தாண்டித்தான் போகும். இடது முட்டி தேய்ந்துவிட்டது. ஒன்றரை வருஷத்துக்குள் மாற்றியாக வேண்டும், தள்ளிப்போட்டால் வலது காலும் சேர்ந்து கெடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நாலு லட்சம் அதற்குத்தான்.

வீட்டில் காகிதம் சம்பந்தப்பட்ட எல்லாம் மனைவியின் இலாகா. வரி, வாடகைப் பத்திரம், எரிவாயு, எல்லாம். "இந்தத் தடவை நான் பார்த்துக்கறேன். நீ அந்தக் காலோட அலைய வேணாம்" என்று பல்செட்காரர் சொன்னார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மனைவிக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒப்புக்கொண்டார்.

வங்கியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒருவன் உட்கார்ந்திருந்தான். மேசையில் 'உறவு மேலாளர்' என்று பலகை. பெயருக்கேற்ற வேகம். முதல் நிமிஷம் 'சார்', இரண்டாவது நிமிஷம் 'அங்கிள்', நாலாவது நிமிஷம் 'அப்பா'.

"டெபாசிட்டா? அப்பா, நான் இங்க உட்கார்ந்திருக்கற வரைக்கும் உங்களை டெபாசிட் போட விடமாட்டேன்."

"ஏன் தம்பி?"

"என் சொந்த அப்பாவா இருந்தா விடுவேனா?"

"அவர் எதுல போட்டிருக்கார்?"

"டெபாசிட்லதான். சொன்னா கேக்க மாட்டேங்கறார்."

'பொற்சிறகு ஆயுள் வளர்ச்சித் திட்டம்' என்ற வழவழப்பான கையேட்டை நீட்டினான். அட்டையில் நரைத்த தம்பதி கடற்கரையில் சிரித்துக்கொண்டு ஓடினார்கள். பல்செட்காரர் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார்: இரண்டு பேருக்குமே மேல்வரிசை பீங்கான். நல்ல வேலை.

"இது டெபாசிட் இல்லையா?"

"டெபாசிட் மாதிரிதாம்பா. கூட இன்சூரன்ஸ் வேற."

வங்கிகளின் மாடிகளெல்லாம் 'மாதிரி' என்ற அந்த ஒரு சொல்லின் மேல்தான் எழும்பியிருக்கின்றன என்பது பல்செட்காரருக்குத் தெரியாது.

"அடுத்த வருஷம் எனக்குப் பணம் வேணும். வீட்டுல முட்டி ஆபரேஷன்."

"எப்ப வேணாலும் பேசிக்கலாம்பா."

எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பல்செட்காரர் காதில் விழுந்தது. அவன் சொன்னது பேசிக்கொள்ளலாம் என்றுதான். அதில் அவன் கடைசிவரை சொல் தவறவில்லை.

விண்ணப்பத்தில் இருபத்து மூன்று இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது. இருபத்து மூன்றிலும் கையெழுத்துப் போட்டார். "மத்ததை நான் நிரப்பிக்கறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றான் பிள்ளை. வாசல்வரை வந்து செருப்பைக் காலுக்கு நேராகத் தள்ளி வைத்தான்.

பிறகு நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு புத்தகம் கூரியரில் வந்தது. முதல் பக்கத்தில் அவர் பெயர் தங்க எழுத்தில் இருந்தது. அதற்கு மேல் படிக்கத் தேவையில்லை என்று அவருக்குத் தோன்றியது. வேலை அறையில், அச்சுகள் அடுக்கிய அலமாரியில் வைத்தார். வீட்டில், "டெபாசிட் போட்டாச்சு" என்று மட்டும் சொன்னார். உறவு மேலாளர் வாரம் இரண்டு முறை அழைத்தான். "அப்பா, சாப்பிட்டீங்களா? அம்மா கால் எப்படி இருக்கு?" முப்பது நாள் இது தவறாமல் நடந்தது. முப்பத்தோராம் நாளிலிருந்து அழைப்பு வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும், பாவம் என்று பல்செட்காரர் நினைத்துக்கொண்டார்.

ஒரு வருஷம் கழித்து மருத்துவமனை தேதி கொடுத்தது. அதே வாரம் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே! தங்கள் பத்து ஆண்டுத் தவணைகளில் இரண்டாவதான நாலு லட்சத்தை இம்மாத இறுதிக்குள் செலுத்தி மகிழவும்.'

பல்செட்காரர் அதை நாலு தடவை படித்தார். மகிழ முடியவில்லை. மனைவியிடம் சொல்லவும் முடியவில்லை. "மருத்துவமனையில தேதி தள்ளிப் போட்டிருக்காங்க" என்று ஒரு பொய் சொல்லிவிட்டு வங்கிக்கு ஓடினார்.

வாசலில் டோக்கன் இயந்திரம். சேவை வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஐந்து பொத்தான்கள். அவற்றில் 'புதிய முதலீடு' மட்டும் வேலை செய்தது. அதை அழுத்தி நாற்பத்தேழாம் எண் வாங்கிக்கொண்டு ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். பழைய பிள்ளை இருந்த இடத்தில் இப்போது ஒரு பெண் இருந்தார்.

"அவர் டூர்ல இருக்கார் சார். பொற்சிறகு அதிகமா வித்தவங்களை வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க."

"எனக்கு அவர்தானே உறவு மேலாளர்?"

"மேலாளர் மாறிட்டார் சார். உறவு மாறலை. சொல்லுங்க, நாப்பத்தேழு."

அவர் சொன்னார். அந்தப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, திட்டத்தை இப்போது முடித்துக்கொண்டால் அதன் சரண் மதிப்பு சைபர் என்றார். சரண் மதிப்பு என்றால் பாதியில் விட்டால் கையில் கிடைக்கும் தொகை. இரண்டு வருஷம் கட்டினால் கொஞ்சம் கிடைக்கும், ஐந்து வருஷம் கட்டினால் பாதி கிடைக்கும், பத்து வருஷம் கட்டினால் கட்டியதோடு கூடக் கொஞ்சம் கிடைக்கும். "கஸ்டமர் நலனுக்காகத்தான் இப்படி வச்சிருக்காங்க சார். இல்லைன்னா எல்லாரும் எடுத்துட்டுப் போயிடுவாங்க."

பல்செட்காரர் கிளை மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றார். அதற்குத் தனி டோக்கன்.

கிளை மேலாளர் மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று கைகொடுத்தார். தேநீர் சொன்னார். அது கடைசிவரை வரவில்லை.

"உங்களுக்குத் திட்டம் பிடிக்கலைன்னா முப்பது நாளைக்குள்ள புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு முழுப் பணத்தையும் வாங்கியிருக்கலாமே சார். நாப்பத்து நாலாம் பக்கத்துல தெளிவாப் போட்டிருக்கு."

"அந்த முப்பது நாளும் அந்தத் தம்பி போன் பண்ணி விசாரிச்சுக்கிட்டே இருந்தானே. இதை ஒரு வார்த்தை சொல்லலையே?"

"முப்பது நாள் அன்பா இருக்கணும்ங்கறது எங்க விதிமுறை சார். எந்த பேங்க்ல இப்படி ஒரு விதி இருக்கு?"

பிறகு, எல்லாவற்றுக்கும் ஆதாரம் இருக்கிறது என்று சொல்லி, ஒரு ஒலிப்பதிவைப் போட்டார். திட்டத்தில் சேர்ந்த அன்று தலைமையகத்திலிருந்து சரிபார்க்க வந்த அழைப்பு அது. ஒரு பெண் குரல் பாடம் ஒப்பிப்பதுபோல் கேட்டது: "இது வைப்புத்தொகை அல்ல, பத்தாண்டுக் காப்பீடு என்று அறிவீர்களா?" பின்னணியில் ஒரு கிசுகிசுப்பு: "ஆமான்னு சொல்லுங்கப்பா." உடனே பல்செட்காரரின் குரல்: "ஆமா." அடுத்த கேள்வி. கிசுகிசுப்பு. "ஆமா." பதினோரு கேள்விக்கும் பதினோரு ஆமா. பன்னிரண்டாவதாக, "யாராவது உங்களைப் பதில் சொல்லும்படி தூண்டுகிறார்களா?" "இல்லைன்னு சொல்லுங்கப்பா." "இல்லை."

மேலாளர் நெகிழ்ந்துபோய்ப் பதிவை நிறுத்தினார். "கேட்டீங்களா? எங்க ஸ்டாஃப் ஒவ்வொரு கேள்விக்கும் உங்க பக்கத்துலயே நின்னு உதவியிருக்கான்."

அடுத்து விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். பல்செட்காரர் தன்னைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டார். அவர் தொழில்: பல் மருத்துவர். வயது: நாற்பத்தாறு. வருமானம் அவருடைய உண்மையான வருமானத்தைப்போல ஒன்பது மடங்கு. பொழுதுபோக்கு: மலையேற்றம். 'உங்கள் முதலீடு பாதியாகக் குறைந்தால் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு, 'மனமகிழ்ச்சியுடன் மேலும் முதலீடு செய்வேன்' என்று பதில் சொல்லியிருந்தார். அடியில் சிவப்பு முத்திரை: துணிச்சல் மிக்க முதலீட்டாளர்.

"இது நான் இல்லை சார். இதுல ஒரு வரிகூட உண்மை இல்லை."

கிளை மேலாளரின் முகம் வாடியது. "அப்படிச் சொல்லாதீங்க சார். இதுல இருக்கறது உண்மைன்னா, திட்டம் தொடரும், நீங்க பணம் கட்டணும். பொய்யின்னா, பொய்த் தகவல் கொடுத்து எங்களை ஏமாத்தினதா ஆகும். அப்ப கட்டின பணம் பறிமுதல். இப்ப சொல்லுங்க, நீங்க மலையேறுவீங்களா, மாட்டீங்களா?"

"எப்பவாவது ஏறுவேன்" என்றார் பல்செட்காரர்.

"நல்லது. கோபப்படாம கேட்டீங்கன்னா ஒரு வழி இருக்கு. புகார் கொடுக்கறதுக்கு முன்னாடி எங்க நிதி விழிப்புணர்வு முகாம்ல கலந்துக்கணும். விழிப்புணர்வு இல்லாதவங்க புகாரை நாங்க வாங்கறதில்லை."

முகாம் ஒரு கல்யாண மண்டபம் அளவுக்குப் பெரிய கூடத்தில் நடந்தது. குளிரூட்டி நடுங்க வைத்தது. முதலில் ஒரு தேர்வு. 'முன்பின் தெரியாத ஒருவர் அதிக லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்டால் என்ன செய்ய வேண்டும்? அ) உடனே தர வேண்டும். ஆ) தர மறுக்க வேண்டும். இ) அவரிடம் தராமல் நமது வங்கியில் தர வேண்டும்.' பல்செட்காரர் 'ஆ' போட்டார். தவறு என்று சுழித்துக் கொடுத்தார்கள்.

பிறகு மண்டலத் தலைவர் பேசினார். கணீரென்ற குரல், கச்சிதமான பல்வரிசை, அத்தனையும் சொந்தப் பல். பல்செட்காரர் அதையும் கவனித்தார்.

"மக்கள் ஏன் ஏமாறுறாங்க? படிக்காம கையெழுத்துப் போடறாங்க! எவ்வளவு வேதனை! போன வருஷம் நம்ம மண்டலத்துல மட்டும் பதினோராயிரம் பேர் படிக்காம கையெழுத்துப் போட்டிருக்காங்க. அதனாலதான் இன்னிக்கு நாம நாட்டுலயே முதலிடம்!"

கைதட்டல்.

"சேமிக்கறவனுக்கு எதிரி விலைவாசி இல்லை. போட்ட பணத்தைத் திருப்பிக் கேக்கற பழக்கம்தான் எதிரி. அந்தக் கெட்ட பழக்கத்துலேருந்து உங்களைக் காப்பாத்தத்தான் நாங்க ராத்திரி பகலா திட்டம் போடறோம். நீங்க இல்லாத காலத்துல உங்க குடும்பத்துக்கு நாங்க இருக்கோம். நீங்க இருக்கற காலத்துல... அதைப் பத்தி நீங்களே பார்த்துக்குவீங்க!"

இன்னும் பலத்த கைதட்டல். அப்போது பல்செட்காரரை மேடைக்கு அழைத்தார்கள். ஒரு வருஷமாகப் போட்ட பணத்தைத் தொடாமல் இருந்த சேமிப்பாளர் என்று கிளை மேலாளர் அவர் பெயரைப் பரிந்துரைத்திருந்தார். தொட முடியவில்லை என்பதை அவர் சொல்ல வாயெடுத்தபோது சட்டமிட்ட சான்றிதழைக் கையில் திணித்துப் படம் எடுத்தார்கள். ஒரு குடையும் கொடுத்தார்கள். குடை வாங்கியதற்கு என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டார். அது குடைக்கான ரசீது அல்ல. தன் புகார் முழுத் திருப்தியுடன் தீர்க்கப்பட்டது என்று அவர் எழுதிக் கொடுத்த கடிதம்.

அந்த வாரக் கடைசியில் மனைவி அச்சகத்துக்கு நொண்டிக்கொண்டு போகும்போது வங்கியின் முகப்பில் பெரிய பதாகை தொங்கியது. அவர் கண்ணுக்கு முதலில் தட்டுப்பட்டது பிழை. 'முன்னுதாரன முதலீட்டாளர்!' மூணு சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி போட்டிருந்தார்கள். எவ்வளவு செலவு செய்து எவ்வளவு பெரிய பிழை என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகுதான் எழுத்துக்குப் பக்கத்தில் குடையோடு நிற்பது தன் வீட்டுக்காரர் என்று தெரிந்தது.

அன்று மாலை பல்செட்காரர் வீட்டுக்கு வந்தபோது மனைவி காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். செல்போனில் அந்தப் படம்.

"ஏங்க, இது யாரு?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மருத்துவமனைத் தேதிப் பொய்யையும் சொன்னார். மனைவி கத்துவார் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் பரவாயில்லை.

"முப்பது வருஷமா ஊரார் எழுதினதையெல்லாம் படிச்சுத்தான் சம்பாதிக்கறேன். யாரோ திங்கற மாத்திரைச் சீட்டைக்கூடப் படிக்கறேன். நம்ம வீட்டுக்கு வந்த நாப்பத்தெட்டுப் பக்கத்தை மட்டும் என் கண்ணுல காட்டலை நீங்க."

"எல்லாத்துக்கும் நீதானே ஓடற. உன் காலுக்காவது நான் ஒண்ணு உருப்படியாப் பண்ணணும்னு..."

மனைவி தன் முட்டியைத் தடவிக்கொண்டார்.

"பணம் போனாக்கூடச் சம்பாதிச்சுக்கலாம். இத்தனை நாள் தனியா வச்சுக்கிட்டு வெந்திருக்கீங்களே, அதைச் சொல்லுங்க" என்றார். "போய் அந்தப் புத்தகத்தை எடுத்துட்டு வாங்க. சிவப்புப் பேனாவும்."

இரண்டு நாள் படித்தார். நாற்பத்தெட்டுப் பக்கத்தில் அறுபத்திரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. அவற்றை மன்னித்துவிட்டார். முப்பத்தோராம் பக்கத்தில் பேனா நின்றது. பொற்சிறகில் சேர உச்ச வயது ஐம்பது. புத்தகத்தோடு இணைத்திருந்த விண்ணப்ப நகலில் நாற்பத்தாறு என்று எழுதியிருந்தது. ஆனால் அதே விண்ணப்பத்தோடு வங்கியே இணைத்து முத்திரை குத்தியிருந்த அடையாள அட்டை நகலில் பிறந்த வருஷம் இருந்தது. கழித்துப் பார்த்தால் சேரும்போதே ஐம்பத்தெட்டு.

"அட்டையைப் பார்த்துட்டு, முத்திரையும் குத்திட்டு, பக்கத்துலயே பொய் எழுதியிருக்கான்" என்றார் மனைவி. "நீங்க அவனை ஏமாத்தினதா எவன் சொன்னது?"

நாற்பத்தேழாம் பக்கத்தில், எறும்பு படிப்பதற்கென்று தேர்ந்தெடுத்த எழுத்தில், இன்னொன்றும் இருந்தது. வங்கி முப்பது நாளில் புகாரைத் தீர்க்காவிட்டால் அரசின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம்; கட்டணமில்லை; வக்கீல் தேவையில்லை. மனைவி, குடை ரசீது என்று வாங்கிய கையெழுத்தையும் குறிப்பிட்டு, ஒரே பக்கத்தில் புகார் எழுதி வங்கியில் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொண்டார். முப்பத்தோராம் நாள் அதையும், முப்பத்தோராம் பக்கத்தையும், அட்டை நகலையும் சேர்த்துக் குறைதீர்ப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். மொத்தச் செலவு தபால்தலை.

ஏழு வாரம் கழித்துப் பல்செட்காரரின் செல்போன் அடித்தது.

"அப்பா! எப்படி இருக்கீங்க? அம்மா கால் எப்படிப்பா இருக்கு?"

பழைய பிள்ளைதான். டூர் முடிந்து பதவி உயர்வோடு வந்திருந்தான். குறைதீர்ப்பாளர் விசாரணைக்குத் தேதி போட்டுவிட்டார் என்பதை அவன் சொல்லவில்லை. "நாலு லட்சமும் ரெடியா இருக்குப்பா. சின்ன உடன்படிக்கை ஒண்ணு. வந்து ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சது."

இருவரும் போனார்கள். சம்பளம் போடும் நாள். கூடம் நிரம்பி வழிந்தது. கண்ணாடி அறையில் பழைய பிள்ளை ஒரு வயதான அம்மாளை 'அம்மா' என்று அழைத்துப் புதுக் கையேட்டைப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். அதனால் கிளை மேலாளர் இவர்களை மூன்றாம் கவுன்ட்டரிலேயே நிறுத்தி, ஒன்பது பக்க உடன்படிக்கையை இரண்டு பிரதிகள் வைத்தார்.

"வெறும் சம்பிரதாயம்தான். கடைசிப் பக்கத்துல போட்டா போதும்."

"படிக்கணும்" என்றார் மனைவி.

"வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அனுமதி இல்லை மேடம். ரகசிய ஆவணம்."

"அப்ப இங்கயே படிச்சுடறோம். ஏங்க, நீங்க அந்தப் பிரதியைப் பிடிங்க. நான் இதைப் படிக்கறேன், எழுத்துக்கு எழுத்து சரியா இருக்கான்னு பாருங்க." மேலாளர் பக்கம் திரும்பி விளக்கினார். "எங்க பிரஸ்ல இப்படித்தான் சார். ஒருத்தர் வாய்விட்டுப் படிக்கணும், ஒருத்தர் பார்க்கணும். கமா, புள்ளி உள்பட."

அச்சு இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் முப்பது வருஷம் படித்த குரல் அது. கூடத்தின் கடைசி நாற்காலிவரை போனது.

"தலைப்பு. இணக்க உடன்படிக்கை. புது வரி. ஒன்று, புள்ளி. வாடிக்கையாளரின் வயது ஐம்பத்தெட்டு என வங்கி அறிந்திருந்தும், கமா, விண்ணப்பத்தில் நாற்பத்தாறு என வங்கி ஊழியரால் குறிக்கப்பட்டமை, கமா, ஓர் எழுத்துப் பிழையாகக் கருதப்படும், முற்றுப்புள்ளி."

"சரியா இருக்கு" என்றார் பல்செட்காரர்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். டோக்கன் எண் கூப்பிட்டும் ஒருவர் எழுந்து போகவில்லை.

"மேடம், கொஞ்சம் மெதுவாப் படிங்க" என்றார் மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் சொன்னது குரலைத் தாழ்த்த. மனைவி வேகத்தைக் குறைத்தார். இப்போது எழுதிக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நான்கு... புள்ளி. வைப்புத்தொகை என்று கூறிக் காப்பீடு விற்கப்பட்டது என்பதை... கமா... குடும்பத்தார்... கமா... நண்பர்... கமா... வங்கியின் பிற வாடிக்கையாளர் எவரிடமும்... வாடிக்கையாளர் தெரிவிக்கக் கூடாது... முற்றுப்புள்ளி."

ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்திருந்த ஒருவர் கேட்டார்: "அம்மா, அந்த நாலாவதை இன்னொரு தடவை படிங்க."

சந்தேகம் கேட்டால் திரும்பப் படிக்க வேண்டும் என்பது பிழைதிருத்தத்தில் பாலபாடம். மனைவி திரும்பப் படித்தார்.

கிளை மேலாளர் கவுன்ட்டரைத் தட்டினார். மரியாதை தெரிந்த மனிதர் முதல் தடவையாகக் கத்தினார். "படிக்கவே வேணாம் மேடம்! எங்களை நம்பிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்களேன்!"

அதுவும் கடைசி நாற்காலிவரை போனது.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து வயதான அம்மாள் பேனாவோடு வெளியே வந்தார். பின்னாலேயே "அம்மா, அம்மா" என்று பிள்ளை வந்தான். அவர் திரும்பிக் கேட்டார்: "தம்பி, இதுல நான் எத்தனை வருஷம் கட்டணும்? பாதியில நிறுத்தினா எவ்வளவு கிடைக்கும்? ரெண்டையும் உன் கையால எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு."

பிள்ளை, "நீங்க யாரு மேடம் சந்தேகப்பட?" என்றான். அரை நிமிஷத்தில் உறவு முறிந்தது.

மனைவி படிப்பதை நிறுத்தவில்லை. ஐந்தாம் பக்கத்தை முடித்தபோது மேலாளர் மண்டலத் தலைவரோடு செல்போனில் பேசிவிட்டு ஓடிவந்து, நாலாவது நிபந்தனையைத் தானே அடித்துச் சுருக்கொப்பம் போட்டார். "ஒண்ணாவதையும்" என்றார் மனைவி. அதையும் அடித்தார். மீதி நாலு பக்கத்தையும் படித்து முடித்த பிறகுதான் பல்செட்காரர் பேனாவை எடுத்தார். கையெழுத்தைப் போட எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கடைவாய்ப் பல்லை மெருகேற்றியிருக்கலாம். நாலு லட்சம் வந்தது. ஒரு வருஷத்துக்கு மேலான வட்டி வரவில்லை. வட்டி டெபாசிட்டுக்குத்தான், இது டெபாசிட் இல்லையே என்றார்கள். அந்த உண்மையை அவர்கள் நேருக்கு நேர் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஐந்தாவது வாரம் அறுவை சிகிச்சை நடந்தது. மனைவி இப்போது கைத்தடியோடு நடக்கிறார். அடுத்த மாதம் தடியும் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் பல்செட்காரர் பிரதியைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்காருகிறார்.

வங்கியும் நடந்ததிலிருந்து பாடம் கற்றுக்கொண்டது. இரண்டே நாளில் வாசலில் புது அறிவிப்புப் பலகை வந்தது:

'வாடிக்கையாளர் நலன் கருதி, வங்கி வளாகத்தில் ஆவணங்களை வாய்விட்டு வாசிப்பது தடைசெய்யப்படுகிறது. வாசித்தே ஆக வேண்டியவர்கள் உரிய படிவத்தில் முன் அனுமதி பெற வேண்டும். படிவத்தை நிரப்பும் சிரமம் தங்களுக்கு வேண்டாம். கையெழுத்து மட்டும் போதும். மற்றதை வங்கியே நிரப்பிக்கொள்ளும்.'